ஏணி இருக்கிறது, மாடி எங்கே?

புனேயிலிருந்து லோனாவாலா செல்லும் புறநகர் ரயில் பாதை மகாராஷ்டிராவின் தொழில் வரலாற்றை வரிசையாகக் காட்டுகிறது. கட்கியில் பிரிட்டிஷ் காலத்து வெடிமருந்து ஆலை. பிம்ப்ரியில் 1954இல் பொதுத்துறையில் தோன்றிய ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ். ஆகுர்டியில் 2007இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட பஜாஜ் ஆலை. அடுத்த நிலையம் தேஹு ரோடு. படைக்கலத் தொழிற்சாலையும் இராணுவத் தளவாடக் கிடங்கும் கன்டோன்மென்ட்டும் சேர்ந்த ஊர். அந்தக் கிடங்குகளையும் ஆலைகளையும் நம்பி வந்து தலைமுறைகளாக அங்கேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊரும் அதுவே.

அக்குடும்பங்களில் தாத்தா கிடங்கில் கூலியாக வேலை செய்தார். தந்தை ஆலையில் நிரந்தரத் தொழிலாளியானார். மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கலோ எலெக்ட்ரிகலோ படித்து டிப்ளமோ பெற்றான். தலைமுறைக்கு ஒரு படி என்ற அந்த ஏற்றம் மூன்றாவது தலைமுறையில் தடைப்பட்டு நிற்கிறது. டிப்ளமோ பெற்ற இளைஞனுக்குச் சாக்கனிலும் தலேகானிலும் கிடைப்பது அப்ரண்டிஸ் பயிற்சி; அது முடிந்தால் ஒப்பந்த வேலை; அதுவும் முடிந்தால் மற்றோர் ஆலையில் மீண்டும் ஒப்பந்தம். அப்போதுதான் அவனிடம் ஓர் ஆலோசனை சொல்லப்படுகிறது: "டிப்ளமோவோடு நின்றுவிடாதே. பிபிஏ சேர்ந்துவிடு. வணிக மேலாண்மைப் பட்டம் இருந்தால் சூப்பர்வைசர் ஆகலாம், மேனேஜர் ஆகலாம்."

இந்த ஆலோசனையைத் தனியார் கல்லூரியின் விளம்பரப் பலகையும் சொல்கிறது. ஆலையின் மனிதவளத் துறையும் சொல்கிறது. "திறன் இந்தியா" பேசும் ஒன்றிய அரசும் சொல்கிறது. இத்தனை பேர் ஒரே குரலில் சொல்லும்போது, அந்த ஏணி எந்தச் சுவரில் சாத்தப்பட்டிருக்கிறது என்று கேட்பது உழைக்கும் மக்களின் கடமை.

அரசே வைத்திருக்கும் விலை

டிப்ளமோவிலிருந்து பட்டத்துக்கு உயர்ந்தால் என்ன கிடைக்கும்? விளம்பரங்களை நம்ப வேண்டாம். அரசின் சொந்தத் திட்டங்களையே எடுத்துக்கொள்ளலாம்.

2024 அக்டோபரில் ஒன்றிய பாஜக அரசு பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு நாட்டின் 500 பெரிய நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி என்பது அதன் அறிவிப்பு. இதில் சேரத் தகுதியுடையோர் பட்டியலில் ஐடிஐ படித்தவர் இருக்கிறார், பாலிடெக்னிக் டிப்ளமோ பெற்றவர் இருக்கிறார், பிபிஏ பட்டதாரியும் இருக்கிறார். மூவருக்கும் மாத உதவித்தொகை ஒன்றேதான்: 5,000 ரூபாய். அதிலும் 4,500 ரூபாயை மக்களின் வரிப்பணத்திலிருந்து அரசு தருகிறது. நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தருவது 500 ரூபாய். மூன்றாண்டு படித்து, கட்டணம் கட்டிப் பெற்ற மேலாண்மைப் பட்டத்துக்கு இத்திட்டத்தில் உள்ள கூடுதல் மதிப்பு பூஜ்யம்.

அடுத்தது அப்ரண்டிஸ் விதிகள். 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி டிப்ளமோ பெற்ற பயிற்சியாளருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். பட்டதாரிப் பயிற்சியாளருக்கு 9,000 ரூபாய். வேறுபாடு 1,000 ரூபாய். இந்தத் தொகைகளை 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் 2025இல் பரிந்துரைத்தது. அந்த உயர்வை முழுமையாகக் கணக்கில் கொண்டாலும் வேறுபாடு ஏறத்தாழ 1,400 ரூபாயைத் தாண்டாது.

மூன்றாவது, மகாராஷ்டிர மாநில அரசின் திட்டம். 2024 ஜூலையில், ஆஷாடி ஏகாதசி நாளன்று, பண்டரிபுரத்தில் வைத்து அன்றைய முதல்வர் ஏக்நாத் ஷிண்டே இளைஞர் பயிற்சித் திட்டம் ஒன்றை அறிவித்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய், ஐடிஐ, டிப்ளமோ முடித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 10,000. அதுவும் ஆறு மாதத்துக்கு. சட்டமன்றத் தேர்தல் முடிந்தபின் அந்தப் பயிற்சியாளர்கள் நிரந்தர வேலை கேட்டு வீதிக்கு வந்தார்கள். கிடைத்தது கால நீட்டிப்புதான், வேலையன்று.

பூஜ்யம், ஆயிரம், இரண்டாயிரம்: டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் இடையில் ஆட்சியாளர்கள் வைத்திருக்கும் விலை இவ்வளவுதான். இந்த ஆயிரத்துக்காகத்தான் தொழிலாளியின் குடும்பம் நகையை அடகு வைக்கிறது. கல்விக் கடன் வாங்குகிறது. மகன் இரவுப் பணி முடித்துவிட்டுத் தூங்காமல் வகுப்புக்கு ஓடுகிறான்.

எந்தப் படியிலும் தொழிலாளி இல்லை

பணம் குறைவு என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இந்த ஏணியில் ஏறுபவன் சட்டத்தின் கண்ணில் யாராக ஆகிறான் என்பதே அடிப்படையான கேள்வி.

1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பயிற்சியாளர் தொழிலாளி அல்லர் என்று கூறுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ள தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமும் "தொழிலாளி" என்பதன் வரையறையிலிருந்து அப்ரண்டிஸை வெளியே நிறுத்துகிறது. இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்பதும், உற்பத்தி இலக்கை முடிப்பதும் அவன்தான். ஆனால் அவனுக்குச் சங்க உரிமை இல்லை. வேலையிலிருந்து அனுப்பினால் தொழில் தகராறு எழுப்ப முடியாது. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. இத்தகைய பயிற்சியாளர்களை ஒரு நிறுவனம் எவ்வளவு பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பையும் 2019இல் 10 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்த்தியது மோடி அரசு.

சரி, இது கீழ்ப்படி. மேலாண்மைப் பட்டம் பெற்று மேல்படிக்கு ஏறிவிட்டால்? அதே சட்டம், நிர்வாகப் பணியில் இருப்பவரைத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவரையும் விலக்குகிறது. அதனால்தான் பிபிஏ முடித்த இளைஞனுக்கு முதல் நாளிலேயே "எக்சிகியூட்டிவ்" என்றோ "அசிஸ்டென்ட் மேனேஜர்" என்றோ ஓர் அடையாள அட்டை கழுத்தில் தொங்கவிடப்படுகிறது. ஓவர்டைம் கேட்க முடியாது, நீ மேனேஜர். சங்கத்தில் சேர முடியாது, நீ நிர்வாகத்தின் ஆள். பதவியின் பெயரைப் பார்க்கக் கூடாது, செய்யும் வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருக்கின்றன. ஆனால் அதை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தும் வலிமை இருபத்தைந்தாயிரம் ரூபாய்ச் சம்பளக்காரனுக்கு எங்கிருந்து வரும்?

ஆக, கீழ்ப்படியில் நிற்பவன் அப்ரண்டிஸ், எனவே தொழிலாளி அல்லன். மேல்படியில் நிற்பவன் எக்சிகியூட்டிவ், எனவே அவனும் தொழிலாளி அல்லன். இடைப்பட்ட படிகளில் நிற்பவன் ஒப்பந்தக்காரரின் ஆள். ஆலைக்கும் அவனுக்கும் தொடர்பே இல்லை என்கிறது நிர்வாகம். உழைப்பு எல்லாப் படிகளிலும் உறிஞ்சப்படுகிறது. தொழிலாளி மட்டும் எந்தப் படியிலும் இல்லை. டிப்ளமோவிலிருந்து மேலாண்மைப் பட்டத்துக்கு முன்னேறுவது என்ற இனிய சொல்லின் உள்ளடக்கம், உரிமையற்ற ஒரு நிலையிலிருந்து உரிமையற்ற மற்றொரு நிலைக்கு இடம் மாறுவதுதான்.

"திறன் இல்லை" என்ற பொய்

இதற்கு ஆட்சியாளர்களிடம் ஆயத்தமான பதில் ஒன்று உண்டு. வேலை இருக்கிறது, இளைஞர்களுக்குத்தான் திறன் இல்லை என்பார்கள். இளைஞர்களில் 51.25 விழுக்காட்டினரே வேலைக்குத் தகுதியானவர்கள் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை கூறியதை மேற்கோள் காட்டுவார்கள். பழி படித்தவன் மீது. வேலையை உருவாக்காத அரசின் மீதன்று.

இந்த வாதத்துக்குத் தேஹு ரோடே மறுமொழி தருகிறது. படைக்கலத் தொழிற்சாலைகளில் வெடிமருந்தைக் கையாளும் கட்டடங்களில் வேலை செய்வோர் அபாயக் கட்டடப் பணியாளர் எனப்படுவர். இந்த வேலைக்கான பயிற்சியைப் படைக்கலத் தொழிற்சாலைகளே தம் அப்ரண்டிஸ்களுக்கு அளிக்கின்றன. அவர்கள் தேர்வெழுதித் தேசியச் சான்றிதழும் பெறுகிறார்கள். திறன் இல்லை என்று இவர்களைப் பற்றி எவரும் சொல்ல முடியாது. ஆனால் இன்று தேஹு ரோடு தொழிற்சாலை இதே பயிற்சி பெற்றவர்களை எப்படி எடுக்கிறது? முதலில் ஓராண்டு, நீட்டித்தாலும் அதிகபட்சம் நான்காண்டு என்ற குறிப்பிட்ட காலப் பணியில்தான் எடுக்கிறது. பயிற்சி தந்தது அதே அமைப்பு, சான்றிதழ் இருக்கிறது, வேலையும் இருக்கிறது, வெடிமருந்தின் அபாயமும் நிரந்தரமாக இருக்கிறது. நிரந்தரமாக இல்லாதது பணி மட்டுமே.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, 41 ஆலைகளும் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. தேஹு ரோடு ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. இதை எதிர்த்துப் பாதுகாப்புத் துறைத் தொழிலாளர் சம்மேளனங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தபோது, ஜூன் 30 அன்றே அவசரச் சட்டம் பிறப்பித்து வேலைநிறுத்தத்தைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது ஒன்றிய அரசு. பிம்ப்ரியின் ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸை விற்கவும், அதன் உபரி நிலத்தை விற்கவும் 2016 டிசம்பரிலேயே ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்திருந்தது. தந்தையர் நிரந்தரத் தொழிலாளியாக நுழைந்த வாயில்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, மகனிடம் "உன் படிப்பு போதாது" என்று சொல்வது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்!

படிப்புக் குறைவே வேலையின்மைக்குக் காரணம் என்றால், படிக்கப் படிக்க வேலையின்மை குறைய வேண்டும். நடப்பது நேர்மாறு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 விழுக்காடு, பட்டதாரி இளைஞர்களிடையே 29.1 விழுக்காடு. படிக்காதவர் கிடைத்த கூலிக்குப் போயாக வேண்டிய நிலையில் இருப்பதும் இதற்கு ஒரு காரணம். ஆயினும், படிப்புக்கேற்ற வேலையை இந்தப் பொருளாதாரம் உருவாக்கவில்லை என்ற உண்மையை எந்த விளக்கமும் மறைக்க முடியாது.

கல்விக் கடையும் புதிய கல்விக் கொள்கையும்

வேலை குறையும் இடத்தில் பட்டத்தின் சந்தை பெருகுகிறது. ஒரு டிப்ளமோவால் வேலை கிடைக்காதபோது, அடுத்த சான்றிதழை விற்பவருக்கு வாடிக்கையாளர் தாமாகவே வந்து சேர்கிறார்.

பிபிஏ படிப்பை 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் தன் ஆளுகையின் கீழ் கொண்டுவந்தது. உடனே மகாராஷ்டிர அரசு அதற்குப் பொது நுழைவுத் தேர்வைக் கட்டாயமாக்கியது. மே மாதம் தேர்வு நடந்தது; இடங்கள் காலியாகக் கிடந்தன; ஆகஸ்டில் இரண்டாவது தேர்வு நடத்த வேண்டியதாயிற்று. தேர்வையும் ஒழுங்குமுறையையும் தவிர்க்கப் பல கல்லூரிகள் தம் படிப்பின் பெயரையே பி.காம் என்று மாற்றிக்கொண்டன. பலகையில் பெயரை மாற்றினால் பாடமே மாறிவிடும் என்று நம்பும் இந்த வணிகத்தில் மாணவன் வெறும் சரக்கு.

இணையவழிப் பட்டம் விற்கும் நிறுவனங்களின் கதை தனி. பல்கலைக்கழகங்கள் தம் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளை எட்டெக் நிறுவனங்களுக்குக் கிளைக்கடையாகக் குத்தகை விடக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2022 ஜனவரியில் எச்சரிக்கை விடவேண்டி வந்தது. ஆலைப் பணி நேரம் மாறிமாறி வருவதால் நேரடி வகுப்புக்குப் போக முடியாத இளைஞர்களே இவற்றின் இலக்கு.

டிப்ளமோ படித்தவருக்கு இழைக்கப்படும் மற்றோர் அநீதியும் உண்டு. பொறியியல் பட்டத்தில் அவர் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆனால் மேலாண்மைப் பட்டத்துக்கு வரும்போது அவருடைய மூன்றாண்டுப் பாலிடெக்னிக் படிப்பு பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக மட்டுமே கருதப்படுகிறது. ஆலையில் உற்பத்தி ஒழுங்கமைப்பையும் தரக் கட்டுப்பாட்டையும் கையால் செய்து கற்றவர், அவற்றைப் புத்தகத்தில் படிக்க முதலாம் ஆண்டிலிருந்து கட்டணம் செலுத்துகிறார். உழைப்பில் பெற்ற அறிவுக்கு மதிப்பெண் இல்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020 இந்த அநீதியைக் களையவில்லை. அதற்கு ஒரு தத்துவத்தைத் தந்தது. பலமுறை நுழைவு, பலமுறை வெளியேற்றம் என்பது அதன் முழக்கம். ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டில் வெளியேறினால் டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம். வெளியேறுபவர் யார்? கட்டணம் கட்ட முடியாத ஏழை வீட்டுப் பிள்ளை, திருமணத்துக்காகப் படிப்பை நிறுத்தப்படும் பெண், தந்தையின் ஒப்பந்த வேலை போனதால் வேலைக்குப் போக வேண்டிய தலித் மாணவன். முன்பு இதற்கு இடைநிற்றல் என்று பெயர். அரசு வெட்கப்பட வேண்டிய புள்ளிவிவரமாக அது இருந்தது. இப்போது அதே இடைநிற்றலுக்கு டிப்ளமோ என்று பெயர் சூட்டி விழா எடுக்கிறார்கள்.

பூலேயும் அம்பேத்கரும் கேட்டது வேறு

உழைப்பாளி வீட்டுப் பிள்ளை பட்டம் படிக்கக் கூடாது என்று எந்த ஜனநாயகவாதியும் சொல்ல மாட்டார். கல்வி உரிமைக்கான போராட்டத்தின் மண்ணே புனே. 1848இல் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் பெண்களுக்கான பள்ளியைத் திறந்த நகரம் அது. 1882இல் ஹண்டர் குழுவின் முன் பூலே வைத்த வாதம் இன்றும் கூர்மை மாறாதது. அரசின் வருவாய் உழவர்களின் உழைப்பிலிருந்து வருகிறது. அந்தப் பணமோ மேல்தட்டினரின் கல்விக்குச் செலவாகிறது என்று அவர் குற்றம்சாட்டினார். இன்றும் இன்டர்ன்ஷிப் உதவித்தொகையில் பத்தில் ஒன்பது பங்கை மக்களின் வரிப்பணம் சுமக்க, உழைப்பின் பலன் 500 பெரிய நிறுவனங்களுக்குப் போகிறது.

தேஹு ரோட்டுக்கே ஒரு சிறப்பு உண்டு. 1954 டிசம்பர் 25 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே புத்தர் சிலையை நிறுவினார். "கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்ன தலைவர் அவர். இன்றைய ஆட்சியாளர்களும் கல்வி வணிகர்களும் அந்த மூன்றிலிருந்து முதற்சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து விலைக்கு விற்கிறார்கள். மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் கல்வி தனிமனிதன் தப்பித்தோடும் வழியாகச் சுருங்கிவிடும். நூறு பேரில் ஒருவன் மேனேஜர் ஆவான்; மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் தங்கள் தோல்விக்குத் தாங்களே காரணம் என்று நம்புவார்கள். மூலதனத்துக்கு இதைவிட மலிவான காவல்காரன் கிடைக்கமாட்டான்.

ஊதியத்தை உயர்த்திய ஏணி எது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அண்மைக்கால எடுத்துக்காட்டு இருக்கிறது. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சிஐடியு தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது சங்கத்தைப் பதிவு செய்யும் உரிமையை. 2025 ஜனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது. அந்த இளம் தொழிலாளர்கள் பேச்சுவார்த்தை மேசைக்குப் போக மேலாண்மைப் பட்டம் தேவைப்படவில்லை, ஒற்றுமை தேவைப்பட்டது.

கோரிக்கைகள்

ஆகவே தேஹு ரோட்டிலும், அதுபோன்ற ஒவ்வொரு தொழிற்பகுதியிலும் எழ வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஆலையில் நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் பயிற்சி பெற்றவரை அந்த வேலையிலேயே நிரந்தரமாக்க வேண்டும். அப்ரண்டிஸையும் பெயரளவு மேனேஜரையும் தொழிலாளி என்ற வரையறைக்குள் கொண்டுவர வேண்டும். அவர்களை வெளியே தள்ளும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைத் திரும்பப் பெற வேண்டும். பாலிடெக்னிக் படிப்புக்கும் ஆலை அனுபவத்துக்கும் உரிய மதிப்பெண் அளித்து, பட்டப் படிப்பின் காலத்தைக் குறைக்க வேண்டும். ஷிப்டு முடித்து வருவோர் படிக்கும் வகையில், அரசுக் கல்லூரிகளில் கட்டணமில்லா மாலை வகுப்புகளை ஆலைப் பகுதிகளிலேயே திறக்க வேண்டும். படைக்கலத் தொழிற்சாலைகளில் குறிப்பிட்ட காலப் பணி முறையைக் கைவிட வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நிரந்தரத் தொழிலாளரின் ஒப்பந்தத்தோடு பேச்சுவார்த்தையை முடித்துவிட்டு, அப்ரண்டிஸ் பையனைக் கடந்து வீட்டுக்குப் போகும் பழக்கம் சில இடங்களில் வேரோடியிருக்கிறது. அது நிரந்தரத் தொழிலாளரின் காலடி மண்ணையும் அரித்துவிடும். தேஹு ரோடு ஆலை வாயிலில் ஓய்வுபெற நிற்கும் தந்தையும், நான்காண்டுப் பணிக்கு வரிசையில் நிற்கும் மகனும் ஒரே கொடியின் கீழ் திரளும் நாளில்தான் கல்வி உண்மையான முன்னேற்றமாகும்.

ஏணியில் ஏறு என்று இளைஞனுக்கு உபதேசிப்பவர்கள் முதலில் அவன் தந்தை நின்ற மாடியைத் திருப்பித் தரட்டும்.